மருத்துவ மேதை ஹியூலிங்ஸ் ஜாக்ஸன்

மக்களுக்கு உண்டாகும் நோய்கள் பலவாகும். அவற்றுள் சில உடலை மட்டும் வருத்துவன. வேறு சிலவோ உடலை வருத்துவதோடு அமையாமல், நோயாளியின் மானத்தையும் உடன் வருத்துவன. வலிப்பு நோய் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் திடீரெனக் கீழே வீழ்வார். கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். வாயில் நுரை தள்ளும். சிறிது நேரத்தில் யாவும் அடங்கிவிடும். இதன் காரணத்தை அறியாத மக்கள், பேயின் சேட்டை என்றும் தெய்வக் குற்றம் என்றும் எண்ணி அஞ்சினர். நம் நாட்டார் இதற்குக் காக்கை வலிப்பு எனப் பெயரிட்டு, இரும்புச் சாவியைக் கையில் திணித்தலே தக்க மருந்தெனக் கொண்டனர். பழங்கிரேக்கரும் இதனைத் தெய்வ நோய் என்றே வழங்கினர். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே, ஹிப்பாக்கிரட்டீஸ் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கும் நூலொன்று, இந்நோய் தெய்வத்தால் வருவதன்று, மூளையில் தோன்றுவதே என்று துணிந்து கூறிற்று. ஆயினும், அது மூளையின் எப்பகுதியில் தோன்றுகிறது, எவ்வாறு தோன்றுகிறது என்னும் வினாக்கள் நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தன. அவற்றுக்கு விடைகாண வழிவகுத்த பெரியாரே ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்ஸன் ஆவார்.

ஜாக்ஸன் 1835-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க்ஷயர் மாவட்டத்தில், கிரீன் ஹாமர்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சாமுவேல் ஜாக்ஸன் சொந்த நிலம் வைத்து உழுது வாழ்ந்தவர். அன்னையார் சாரா, வேல்ஸ் நாட்டு வழியில் வந்தவர். ஹியூலிங்ஸ் என்பது அவ்வம்மையாரின் குடிப்பெயர். அவர் தம் மகனை வளர்த்து ஆளாக்கும் பேறு பெறவில்லை. மகன் சிறு குழந்தையாயிருந்தபோதே அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஜாக்ஸன் சிற்றூர்ப் பள்ளிகளில் எளிய கல்வியே கற்றார். பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தங்கிப் பயிலும் வாய்ப்பு இளமையில் அவருக்குக் கிட்டவில்லை. கற்ற கல்வி குறைவாயினும், கற்றதைத் தாமே ஆராய்ந்து நோக்கும் இயல்பு அவர்பால் இளமையிலேயே வேரூன்றியிருந்தது.

பதினைந்தாம் வயதில் யார்க் நகர மருத்துவர் ஒருவரிடம் அவர் தொழில் பயிலச் சேர்ந்தார். அக்காலத்தில் மருத்துவக் கல்வி பெரும்பாலும் இவ்வாறே தொடங்கிற்று. மருந்து அரைத்தலும் புண்ணுக்குக் கட்டுப்போடுதலும் தொடக்கப் பாடங்களாயின. பின்னர் யார்க் மருத்துவப் பள்ளியிலும், இலண்டன் மாநகரின் பழம்பெரும் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையிலும் பயின்று, 1856-ஆம் ஆண்டில் மருத்துவராகும் தகுதி எய்தினார். மீண்டும் யார்க் நகருக்கு வந்து, அங்கிருந்த மருந்தகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அந்நகரில் தாமஸ் லேக்காக் என்னும் அறிஞரின் கருத்துகள் அவர் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தன. மனத்தின் செயல்களுக்கும் மூளையின் அமைப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர் லேக்காக்.

1859-ஆம் ஆண்டில் ஜாக்ஸன் இலண்டன் திரும்பினார். அப்போது அவர் உள்ளத்தில் ஒரு போராட்டம் எழுந்தது. மருத்துவத்தை விட்டுவிட்டுத் தத்துவ ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைச் செலவிடலாமா என அவர் எண்ணலானார். அவருடைய நண்பரும் யார்க்ஷயர்க்காரருமான ஜானதன் ஹச்சின்ஸன் என்னும் மருத்துவர் அவ்வெண்ணத்தைத் தடுத்து, மருத்துவத்திலேயே நிலைபெறுமாறு அறிவுரை கூறினார். நண்பரின் சொல்லை அவர் ஏற்றார். எனினும் தத்துவ நாட்டம் அவரை விட்டு நீங்கிற்றில்லை. நோயாளியின் கட்டிலருகே நின்றபோதும், காணும் குறியொன்றுக்குக் காரணம் யாது, அக்காரணத்துக்கும் காரணம் யாது என வினவிச் செல்லும் சிந்தனையாளராகவே அவர் விளங்கினார்.

அக்காலத்தில் இலண்டன் மாநகரின் குயீன் சதுக்கத்தில் புதிய மருத்துவமனை ஒன்று தோன்றிற்று. பக்கவாதத்தாலும் வலிப்பாலும் வருந்துவோரைப் பிற மருத்துவமனைகள் நெடுநாள் வைத்துப் பேணுவதில்லை. அந்நிலை கண்டு இரங்கிய சாண்ட்லர் குடும்பத்து உடன்பிறந்தார் முயன்று பொருள் திரட்டி அம்மனையை நிறுவினர். 1860-ஆம் ஆண்டில் அது நோயாளிகளை ஏற்கத் தொடங்கிற்று. 1862-ஆம் ஆண்டில் ஜாக்ஸன் அங்குத் துணை மருத்துவராக அமர்ந்தார். அன்று தொடங்கி 1906-ஆம் ஆண்டு வரை, நாற்பத்து நான்கு ஆண்டுகள் அவர் அம்மருத்துவமனையோடு தொடர்பு கொண்டிருந்தார். இலண்டன் மருத்துவமனை என்னும் பெரிய நிலையத்திலும் அவர் பல்லாண்டு தொண்டு புரிந்தார்.

வலிப்பு நோயாளிகளை அக்கால மருத்துவர் பலரும் பார்த்தனர்; ஜாக்ஸனோ உற்றுநோக்கினார். வலிப்பு வந்தவுடன் நோயாளியை அடக்கிப் பிடிப்பதிலேயே பிறர் கருத்தாயிருப்பர். அவர் கருத்தோ, வலிப்பு முதன்முதல் உடலின் எவ்வுறுப்பில் தொடங்குகிறது, பின்னர் எவ்வுறுப்புக்குச் செல்கிறது, எங்கே முடிகிறது என்பதில் பதிந்து நின்றது. தாம் காணாதவற்றை உறவினரிடம் பொறுமையோடு கேட்டறிந்தார். நோயாளியின் கண்ணுள் நோக்கி, பார்வை நரம்பின் முனை வீங்கியுள்ளதா என ஆராயும் கருவியையும் இடைவிடாது பயன்படுத்தினார். அக்கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்திருந்தார். நோயாளி இறந்தபின், உரியவாறு மூளையைச் சோதித்து, உயிரோடிருந்தபோது கண்ட குறிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மேகநோயினால் மூளையின் மேற்பரப்பில் கட்டியும் அழற்சியும் உண்டானவர்களுக்கு ஒருபக்க வலிப்பு வருதலை அவர் 1860-களிலேயே கண்டு எழுதினார்.

இவ்வாறு நோக்கியபோது அவருக்கு ஓர் ஒழுங்கு புலனாயிற்று. சில நோயாளிகளுக்கு வலிப்பு உடல் முழுவதும் ஒருங்கே வருவதில்லை. முதலில் கைப்பெருவிரலும் சுட்டுவிரலும் துடிக்கும். பின்னர்க் கை முழுவதும் துடிக்கும். அதன்பின் முகமும் காலும் ஒன்றன்பின் ஒன்றாகத் துடிக்கும். வேறு சிலருக்கு வாயின் ஓரத்திலும், இன்னுஞ் சிலருக்குக் காலின் பெருவிரலிலும் அது தொடங்கும். படை அணிவகுத்துச் செல்வதுபோல வலிப்பு முறைப்படி செல்வதைக் கண்ட அவர், மூளையிலும் இவ்வுறுப்புகளுக்குரிய இடங்கள் முறையாக அமைந்திருத்தல் வேண்டும் என உய்த்துணர்ந்தார். வலக்கை துடித்தால் இடப்பக்க மூளையிலும், இடக்கை துடித்தால் வலப்பக்க மூளையிலும் கேடு இருப்பதையும் கண்டார். பெருமூளையின் மடிப்புகள் சிந்தனைக்கே உரியன, உறுப்புகளின் அசைவோடு அவற்றுக்குத் தொடர்பில்லை என்பது அக்காலத்தார் பலரின் கொள்கை. அதற்கு மாறான தம் கருத்தை 1870-ஆம் ஆண்டில் அவர் விரிவாக வெளியிட்டார்.

அதே ஆண்டில் பெர்லின் நகரில் பிரிட்ச், ஹிட்ஸிக் என்னும் இருவர், நாயின் மூளைப் பரப்பில் மென்மையான மின்சாரத்தைச் செலுத்தி, எதிர்ப்பக்க உறுப்புகள் அசைவதைக் காட்டினர். டேவிட் பெரியர் என்னும் அறிஞர் ஜாக்ஸனின் கருத்துகளைச் சோதித்தறிய வேண்டும் என்னும் ஆர்வத்தோடு 1873-ஆம் ஆண்டில் இத்தகைய ஆராய்ச்சிகளை மேலும் விரிவாகச் செய்தார். நோயாளியை நோக்கியே ஜாக்ஸன் உய்த்துணர்ந்தது உண்மையென நிலைபெற்றது. பெரியர் 1876-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலை ஜாக்ஸனுக்கே காணிக்கையாக்கினார். ஓரிடத்தில் தொடங்கி முறையாகப் பரவும் வலிப்புக்கு, பிரெஞ்சு நாட்டு மருத்துவர் ஷார்க்கோ, ஜாக்ஸனின் பெயரையே இட்டு வழங்கினார். ஆயினும், அவ்வகை வலிப்பைத் தமக்கு முன்னரே 1827-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரராகிய பிராவே கண்டு கூறியுள்ளார் என்பதை எடுத்துரைக்க ஜாக்ஸன் தயங்கியதில்லை.

வலிப்பு என்பது யாது என்னும் வினாவுக்கு 1873-ஆம் ஆண்டில் அவர் கண்ட விடை சுருக்கமானது. மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் ஓரிடத்தில் ஆற்றல் திடீரெனவும் அளவு கடந்தும் விரைந்தும் பீறிடுவதே வலிப்பு என்பது அதன் கருத்து. இதனை ஓர் உவமையால் விளங்கிக்கொள்ளலாம். ஏரி நீரைத் தேக்கி வைக்கிறது. மதகின் வழியே அந்நீர் அளவாகச் சென்றால் பயிர் வளரும். கரை ஓரிடத்தில் இளகிவிட்டாலோ, நீர் அவ்விடத்தில் உடைத்துக்கொண்டு பாய்ந்து, அடுத்தடுத்த வயல்களை மூழ்கடிக்கும். நரம்பணுக்களும் ஆற்றலைத் தேக்கி வைத்து, வேண்டும் அளவே வெளிவிடுகின்றன. அவ்வடக்கம் கெடும்போது வலிப்பு உண்டாகிறது. ஆகவே, வலிப்பு வெளியிலிருந்து வந்து பற்றும் பேயும் அன்று. மூளைக்கே புறம்பான புதுப்பொருளும் அன்று. நாள்தோறும் நம் கையை அசைக்கும் அதே ஆற்றல் அளவு கடந்து பாய்தலே அது. இவ்வுண்மை, நோயாளிகள் மேல் சுமத்தப்பட்டிருந்த பழியைத் துடைப்பதற்குப் பெருந்துணையாயிற்று.

இத்தகைய அறிஞருக்கு விதி ஒரு கொடிய துன்பத்தை வைத்திருந்தது. ஜாக்ஸன் 1865-ஆம் ஆண்டில் தம் உறவினராகிய எலிசபெத் என்னும் நங்கையை மணந்திருந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. எனினும் இல்லறம் இனிதே நடந்தது. 1876-ஆம் ஆண்டில் அவ்வம்மையாரின் மூளையிலுள்ள இரத்தக்குழாயில் அழற்சியுற்றுக் குருதி உறைந்தது. அதனால் அவருக்கு வலிப்புகள் தோன்றின. தம் கணவர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து விளக்கிய அதே ஒருபக்க வலிப்பே அவருக்கு வந்தது. அது தோன்றும் இடத்தையும் பரவும் வழியையும் உலகில் எவரினும் நன்கறிந்தவர் ஜாக்ஸன். ஆயினும் அதனைத் தடுக்கும் வழி அவர் கையில் இல்லை. 1857-ஆம் ஆண்டு முதல் பயன்பட்டுவந்த புரோமைடு என்னும் உப்பைத் தவிர, வலிப்பைத் தணிக்கும் தக்க மருந்து அந்நாளில் இருந்ததில்லை. அம்மையார் உயிர் நீத்தார். எஞ்சிய முப்பத்தைந்து ஆண்டுகளையும் ஜாக்ஸன் தனியராகவே கழித்தார். துயரம் அவரைத் தொண்டினின்றும் விலக்கவில்லை. 1878-ஆம் ஆண்டில் நண்பர் மூவருடன் சேர்ந்து, மூளை என்னும் பொருளுடைய பெயரால் ஆராய்ச்சி இதழொன்றைத் தொடங்கினார். அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது. அவ்வாண்டிலேயே அரசர் கழகம் என்னும் புகழ்பெற்ற அறிவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

அவருடைய ஆராய்ச்சியின் பயன் 1886-ஆம் ஆண்டில் கண்கூடாக விளங்கிற்று. இருபத்திரண்டு வயதுள்ள இளைஞர் ஒருவர் சிறுவயதில் வண்டி மோதித் தலையோடு உடைந்தவர். அதன் விளைவாக அவருக்கு ஓயாது வலிப்பு வந்தது. வலிப்பு செல்லும் முறையைக் கொண்டு, மூளையில் கேடுள்ள இடம் இதுவெனக் குறித்தனர். அவ்வாண்டு மே மாதம் 25-ஆம் நாள், ஜாக்ஸனும் பெரியரும் உடனிருக்க, விக்டர் ஹார்ஸ்லி என்னும் இளம் அறுவை மருத்துவர் மண்டையைத் திறந்தார். குறித்த இடத்திலேயே பழைய காயத்தின் வடு இருந்தது. அதனை நீக்கியபின் இளைஞர் நலமுற்றார். கண்ணாற் காணவியலாத மூளைக்குள் இருக்கும் கேட்டை, விரலின் துடிப்பைக் கொண்டே அறியலாம் என்பது மெய்யாயிற்று.

இவ்வெற்றிகளைக் கண்டு ஜாக்ஸன் செருக்குக் கொண்டாரல்லர். ஒரு நோயைப் பற்றி மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும் என்பது அவர் கொள்கை. கேடு உள்ள இடம் யாது என்பது முதல் வினா. அங்கே செயல் எவ்வாறு பிறழ்ந்தது என்பது இரண்டாம் வினா. அவ்விடத்துப் பொருள் அந்நிலையை அடையக் காரணம் யாது என்பது மூன்றாம் வினா. முதல் இரண்டுக்கும் அவர் விடை தேடிக் கண்டார். மூன்றாவதற்கோ முழுவிடை காண அவரால் இயலவில்லை. மூளையில் உள்ள கட்டியோ வடுவோ தானே ஆற்றலைப் பீறிடச் செய்வதில்லை. அதனைச் சூழ்ந்துள்ள நரம்பணுக்களின் ஊட்டம் மாறுபட்டு, அவை நிலைதடுமாறுகின்றன என்ற அளவில் அவர் கூறினார். அம்மாறுபாட்டின் தன்மையை ஆராய்வதற்குரிய கருவிகள் அக்காலத்தில் இல்லை. விடை தெரியாத இடத்தில் வினாவைத் தெளிவாக வகுத்து வைத்தலும் அறிஞர் செய்யும் பெருந்தொண்டே ஆகும்.

ஜாக்ஸன் கூச்சமுள்ளவர், ஆரவாரத்தை விரும்பாதவர். விருந்துகளிலும் நாடக அரங்குகளிலும் நெடுநேரம் அமர்ந்திருக்க அவரால் இயலாது. கதை நூல்களை வாங்கியவுடன் அட்டையைக் கிழித்தெறிந்து, நூலை இரு கூறாக்கி, இரு சட்டைப் பைகளிலும் வைத்துக்கொண்டு படிப்பது அவருடைய வழக்கம். தம் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்க அவர் முயன்றதில்லை. அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே அவை இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. 1911-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், நுரையீரல் அழற்சியால் அவர் இலண்டனில் காலமானார். அடுத்த ஆண்டிலேயே வலிப்பைத் தணிக்கும் பீனோபார்பிட்டால் என்னும் மருந்து பயனுக்கு வந்தது. ஆற்றல் பீறிடுதல் என அவர் கருதியது மின்னாற்றலே என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானியர், மனித மூளையின் மின் அலைகளைத் தாளிற் பதித்து 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஜாக்ஸன் விட்டுச்சென்ற மூன்றாம் வினாவுக்குரிய விடைகளுள் ஒன்று அண்மைக் காலத்தில் கிடைத்துள்ளது. அதுவே அழற்சி என்பதாகும். காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சுடுகிறதன்றோ? உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் போரே அது. மூளையிலும் இத்தகைய போர் நிகழ்கிறது. காயமோ, கிருமியோ, காய்ச்சலோ நேருங்கால், மூளையிலுள்ள மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்கள் விழித்தெழுகின்றன. அவையும், விண்மீன் வடிவுடைய துணையணுக்களும் இன்டர்லியூக்கின்-1 பீட்டா முதலிய பொருள்களைச் சுரக்கின்றன. இப்பொருள் நரம்பணுவின் மேலுள்ள வாயில்களை மாற்றுவதால், கால்சியம் அளவுக்கு மிஞ்சி உட்புகுகிறது. துணையணுக்களோ பொட்டாசியத்தையும் குளூட்டமேட் என்னும் தூண்டுபொருளையும் முன்போல் அகற்றாமல் தளர்கின்றன. குருதிக்கும் மூளைக்கும் இடையே உள்ள காப்பு நெகிழ்ந்து, குருதியிலுள்ள புரதங்கள் மூளைக்குள் கசிகின்றன. இவை யாவும் சேர்ந்து நரம்பணுக்களை எளிதிற் கிளர்ச்சியுறச் செய்கின்றன. நாம் மேலே கூறிய ஏரிக்கரை இளகுதல் இதுவே. வலிப்பு வந்தபின், அவ்வலிப்பே மீண்டும் அழற்சியைத் தூண்டுகிறது. அழற்சி மறுபடியும் வலிப்புக்கு இடந்தருகிறது.

இதற்குச் சான்றுகள் பல. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுள் 100-க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வருதல் உண்டு. பெரும்பாலோர்க்கு அது வளர வளரத் தீங்கின்றி நீங்கிவிடும். பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்குதல் நம் நாட்டில் வலிப்புக்குரிய காரணங்களுள் ஒன்று. அப்புழு உயிரோடிருக்கும்போது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அது மடியுங்கால் எழும் அழற்சியே பெரும்பாலும் வலிப்பை உண்டாக்குகிறது. மூளையின் ஒருபாதியில் நீடித்த அழற்சியால் குழந்தைகளுக்கு ஓயாத வலிப்பு வருவதை 1958-ஆம் ஆண்டில் ராஸ்முஸன் என்னும் அறுவை மருத்துவர் விளக்கினார். உடலின் காவற்பொருள்களே நரம்பணுவின் வாயில்களைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும் நோயொன்று 2007-ஆம் ஆண்டில் தெளிவாகக் கண்டறியப்பட்டது. அத்தகைய நோயில், அழற்சியைத் தணிக்கும் மருத்துவமே வலிப்பையும் தணிக்கிறது. ஆயினும், எல்லா வலிப்பும் அழற்சியால் வருவன அல்ல. பிறவியிலமைந்த கூறுகளும் பிற காரணங்களும் உள. நோய் ஒன்றாகத் தோன்றினும் காரணம் பல என்பதை ஜாக்ஸனின் ஆராய்ச்சியே நமக்கு உணர்த்திற்று.

உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்கள் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர். தக்க மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழவியலும். எனவே, வலிப்பு வந்தவரைக் கண்டால் நாம் அஞ்சி ஓடலாகாது. அவரை ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, கழுத்திலுள்ள ஆடையைத் தளர்த்த வேண்டும். வாயில் எப்பொருளையும் திணித்தலாகாது. கை கால்களை அழுத்திப் பிடித்தலும் கூடாது. இரும்புச் சாவியால் பயன் யாதும் இல்லை. வலிப்பு 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். தொடங்கிய உறுப்பையும் பரவிய முறையையும் நோக்கி வைத்து மருத்துவரிடம் கூறுதல் மிகவும் பயன் தரும். ஜாக்ஸன் கற்பித்த பாடம் அதுவே. பிறர் வெறுத்தும் அஞ்சியும் விலகிய நோயாளியின் அருகில் நின்று, அவருடைய ஒரு விரலின் துடிப்பையும் பொருட்படுத்தி நோக்கிய அப்பெரியாரின் பொறுமையே, மூளையின் மறைபொருளை உலகுக்குத் திறந்து காட்டிற்று. அன்போடு கூடிய உற்றுநோக்கம் அறியாமை இருளை அகற்றும் என்பதற்கு அவர் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.